காடு ஒருவருக்கு, கொட்டை இன்னொருவருக்கு

"பழைய இங்கிலாந்தில் கிராமத்து ஆட்கள் பன்றிகளைக் காட்டுக்குள் விட்டு மேய்த்தார்கள் என்று அடிக்கடி படிக்கிறேன். அந்தக் காடு யாருடையது? யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாமா, காசு கட்ட வேண்டுமா? இப்போது ஏன் அந்த வழக்கத்தைக் காணோம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரே வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் காடு யாருடையது என்பதைப் பார்த்துவிடலாம். யாருக்கும் சொந்தமில்லாத காடு என்று அங்கே ஒன்று அநேகமாக இருக்கவேயில்லை. மன்னர், பிஷப், மடாலயம், உள்ளூர்ப் பிரபு என்று ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு உடையவர் இருந்தார். ஆனால் உடைமை என்றால் நாம் இன்று நினைப்பது போல வேலி போட்டு, பூட்டு மாட்டி, உள்ளே இருப்பதெல்லாம் எனக்கு என்பது கிடையாது. ஒரே காட்டில் மண் ஒருவருக்கு, நிற்கிற மரம் வேறொருவருக்கு, ஓடுகிற மான் மன்னருக்கு, காய்ந்து விழுந்த சுள்ளி சுற்றுவட்டாரத்துக் குடிசைக்காரர்களுக்கு. இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும், உதிர்ந்து கிடக்கும் ஓக் கொட்டையும் பீச் கொட்டையும் உரிமை உள்ளவர்களின் பன்றிகளுக்கு. கடைசியாகச் சொன்ன இந்த உரிமைக்குப் பேனேஜ் என்று பெயர். அதற்காகக் கட்டிய கட்டணத்தையும் பேனேஜ் என்றேதான் சொன்னார்கள். ஆக, காசு கட்டாமல் மேய்த்தவர்கள் குறைவு.

ஏன் பன்றி, ஏன் இலையுதிர் காலம்? அந்தக் காலத்துப் பன்றியை இன்றைய பண்ணைப் பன்றியாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட கால், நீண்ட மூஞ்சி, முதுகில் சிலிர்த்த முரட்டு மயிர். பழைய ஓவியங்களில் பார்த்தால் பாதி காட்டுப்பன்றி போலவே இருக்கும். பால் தராது, ஏர் இழுக்காது, ரோமமும் தராது. கறிக்கும் கொழுப்புக்கும் மட்டும்தான் வளர்ப்பு. குளிர்காலம் முழுக்க அதற்குத் தீனி போட எந்தக் குடியானவனிடமும் தானியம் இருக்காது. ஆகவே கணக்கு எளிது: செப்டம்பர் இறுதியில் காட்டுக்குள் ஓட்டு, கொட்டை தின்று கொழுக்க விடு, நவம்பர் 11-ஆம் தேதி புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி அறு, உப்புக்கண்டம் போட்டுப் புகையில் தொங்கவிடு. அடுத்த ஆண்டுக்குக் குட்டி போட வேண்டிய தாய்ப்பன்றிகளை மட்டும் நிறுத்திக்கொண்டால் போதும்.

ஓக் கொட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். மாடும் குதிரையும் பச்சைக் கொட்டையை அளவுக்கு மீறித் தின்றால் சிறுநீரகம் கெட்டுச் செத்தே போகும். பன்றிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கொட்டையை வாயில் போட்டுக் கடித்து, தோலைத் துப்பிவிட்டுப் பருப்பை விழுங்கும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டு வழக்கம் அநேகமாக ஒரே ஒரு காட்டில் மட்டும் பிழைத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறகு வருகிறேன்.

எவ்வளவு பழைய வழக்கம் என்றால், தெற்கு இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் என்ற அரசின் மன்னர் இனே ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட சட்டங்களிலேயே பன்றிக்கும் காட்டுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. (பிற்காலத்தில் அதே அரசை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னர் தன் சட்டத் தொகுப்பின் பின்னால் இவற்றையும் சேர்த்து எழுதிவைத்ததால்தான் நம் கைக்கு வந்தன.) அதில் ஒரு விதி: முப்பது பன்றிகள் அடியில் நிற்கக்கூடிய மரத்தை ஒருவன் வெட்டிவிட்டால் 60 ஷில்லிங் அபராதம். மரத்தின் பருமனை அடிக்கணக்கிலோ முழக்கணக்கிலோ சொல்லவில்லை, நிழலில் எத்தனை பன்றி அடங்கும் என்று சொல்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. காட்டில் மரத்தைத் தீ வைத்து அழித்தவனுக்கு முழு அபராதம், ஏனென்றால் தீ திருடன், சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும். கோடரியால் வெட்டியவனுக்கு மரத்துக்கு 30 ஷில்லிங், அதுவும் மூன்று மரத்தோடு சரி. கோடரி திருடன் இல்லை, அது ஊருக்கே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது சட்டம் சொல்லும் காரணம்.

அடுத்தவன் பன்றி என் காட்டில் அனுமதியில்லாமல் கொட்டை தின்றால்? ஆறு ஷில்லிங் பெறுமான பொருளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைதான் வந்தன என்று பன்றிக்காரன் சத்தியம் செய்தால் ஒரு ஷில்லிங், இரண்டு தடவை என்றால் இரண்டு. அப்புறம் கட்டணம். காசுக்குப் பதிலாகப் பன்றியாகவே கொடுப்பதென்றால், முதுகுக் கொழுப்பு மூன்று விரல் பருமன் இருக்கும்போது மூன்றில் ஒரு பன்றி காட்டுக்காரனுக்கு. இரண்டு விரல் என்றால் நான்கில் ஒன்று. கட்டைவிரல் அளவே என்றால் ஐந்தில் ஒன்று. நன்றாகக் கொழுத்தால் அதிகம், கொழுக்காவிட்டால் குறைவு. விளைச்சலைப் பார்த்து வாரம் வாங்குவது மாதிரிதான். ஓக் மரம் வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்க்காது என்று தெரிந்த ஆட்கள் எழுதிய சட்டம் இது.

பன்றி மேய்ப்பவனைப் பற்றி அதற்குப் பின்வந்த, பதினோராம் நூற்றாண்டையொட்டிய ஒரு பண்ணைக் குறிப்பில் அழகான விவரங்கள் உள்ளன. ஒரு பண்ணையில் யார் யாருக்கு என்ன கடமை, என்ன பாத்தியதை என்று வரிசையாகச் சொல்லும் ஆவணம். பொறுப்பேற்று மேய்க்கும் மேய்ப்பன், பல ஊர்களில், ஆண்டுக்குப் பதினைந்து பன்றிகளை அறுப்புக்குத் தர வேண்டும்: பெரியது பத்து, இளசு ஐந்து. அதற்கு மேல் அவன் வளர்த்தெடுப்பது அவனுக்கே. அறுத்த பன்றியை நன்றாகச் சுத்தம் செய்து மயிர் பொசுக்குவதும் அவன் வேலை. அடிமை மேய்ப்பன் என்றால் கணக்கு வேறு. அவனுக்குப் பட்டியிலிருந்து ஒரு குட்டி, அறுப்பின்போது சில உள்ளுறுப்புகள், அவ்வளவுதான். அதே ஆவணத்தில் உழுகுடிகளுக்கு ஒரு விதி இருக்கிறது. பண்ணையின் மேய்ப்பன் மந்தையைக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு புறப்படும்போது ஒவ்வொரு குடியும் அவனுக்கு ஆறு ரொட்டி கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் காட்டில் கிடக்கப் போகிறவனுக்கு ஊர் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு.

காடு ஊருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. தென்கிழக்கில் கென்ட், சசெக்ஸ் பகுதிகளின் நடுவே வீல்ட் என்றொரு பெரிய காடு இருந்தது. கனத்த களிமண், உழவுக்கு லாயக்கில்லை, ஓக் மட்டும் செழித்து வளரும். வடக்கே நல்ல நிலத்தில் பயிர் செய்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் காட்டுக்குள் தனித்தனியாகப் பன்றி மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு நிலச் சாசனங்களில் ஊர் நிலத்தோடு சேர்த்து, இன்னின்ன இடத்துக் காட்டு மேய்ச்சல்களும் அடக்கம் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். அந்த மேய்ச்சல் நிலங்களுக்கு 'டென்' என்று பெயர். இன்றும் கென்ட் வரைபடத்தை விரித்தால் பிடென்டன், பெனென்டன், ரால்வென்டன், டென்டர்டன் என்று வரிசையாகக் கிடக்கின்றன. டென்டர்டன் என்பது கென்ட்டின் கிழக்குக் கரையோரத்துத் தானட் பகுதி மக்களின் டென். தானட் எங்கே, டென்டர்டன் எங்கே! ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் பன்றிகளை ஓட்டிப் போய், கொழுக்க வைத்து, ஓட்டி வந்திருக்கிறார்கள். நடந்து நடந்து குழிந்துபோன அந்தத் தடங்கள் பலவும் இன்றைக்குத் தார் போட்ட சாலைகள். முதலில் மேய்ப்பன் பருவத்துக்கு மட்டும் போட்ட குடிசை, பிறகு வீடாகி, வயல் சேர்ந்து, மாதாகோவிலும் எழுந்து ஊராகிவிட்டது.

1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இந்தப் பன்றிக் கணக்கு உச்சத்துக்குப் போகிறது. எசெக்ஸ், மிடில்செக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷர் போன்ற மாவட்டங்களில் காட்டின் அளவை ஏக்கரில் எழுதவில்லை. இத்தனை பன்றிக்கான காடு என்று எழுதினார்கள். ஹாரோவில் இரண்டாயிரம் பன்றிக்குக் காடு. என்ஃபீல்டில் இரண்டாயிரம். ரைஸ்லிப்பில் ஆயிரத்து ஐந்நூறு. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள், எல்லாம் இன்று நகரத்தின் புறநகர்கள். ரைஸ்லிப்பில் அந்தக் காட்டின் ஒரு பங்கு இன்னும் நிற்கிறது. சசெக்ஸில் ஏழு பன்றி வைத்திருப்பவன் ஒன்றைப் பிரபுவுக்குக் கொடுப்பது வழக்கம் என்று பதிவு இருக்கிறது. வேறு இடங்களில் பத்துக்கு ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹாரோவில் இரண்டாயிரம் பன்றி மேய்ந்தது என்று இதைப் படித்துவிடக் கூடாது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது காட்டின் மதிப்பைச் சொல்லும் ஒரு அளவு. வரி போட உதவும் எண். எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் பதிவில் பண்ணையில் உண்மையாக இருந்த பன்றிகளின் எண்ணிக்கையும் தனியாகத் தரப்பட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது. இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றை ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் இன்னொரு படி மேலே போனார். டூம்ஸ்டே காலத்திலேயே இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 15 சதவீதம்தான் காடு என்பது அவருடைய கணிப்பு. கொட்டையை நம்பிப் பன்றி வளர்ப்பது அப்போதே தளர ஆரம்பித்துவிட்டது என்றும் அவர் வாதிட்டார். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஓக் நன்றாகக் காய்ப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. பீச் அதைவிட மோசம், நல்ல காய்ப்புக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பண்ணைக் கணக்குகளில் பேனேஜ் வரவு என்ற தலைப்புக்கு எதிரே, இந்த ஆண்டு கொட்டை இல்லை, ஆகவே வரவு இல்லை என்று எழுதிவைத்த ஆண்டுகள் நிறைய. அப்படிப்பட்ட ஒன்றை நம்பி எவனும் ஆயிரக்கணக்கில் பன்றி வளர்க்க மாட்டான்.

சரி, மன்னரின் காடுகளுக்கு வருவோம். வில்லியமும் அவர் வழிவந்த நார்மன் மன்னர்களும் வந்த பிறகு 'ஃபாரஸ்ட்' என்பது மரம் அடர்ந்த இடத்தைக் குறிக்கவில்லை. மன்னரின் வேட்டைச் சட்டம் செல்லுபடியாகும் எல்லையைக் குறித்தது. அதற்குள் வயலும் ஊரும் அடுத்தவர்களின் சொந்தத் தோப்பும்கூட அகப்பட்டுக்கொண்டன. தன் சொந்தத் தோப்பில் தன் பன்றியை விடுவதற்கே மன்னரின் அதிகாரிகள் குறுக்கே நின்றார்கள் என்றால் எரிச்சல் எவ்வளவு இருந்திருக்கும்! அந்த எரிச்சலின் விளைவுதான் 1217-ஆம் ஆண்டின் வனச் சாசனம். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட மாக்னா கார்ட்டாவின் தம்பி என்று சொல்லலாம், புகழ் மட்டும் அண்ணனுக்குப் போய்விட்டது. சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரில் வெளியான அந்தச் சாசனம், ஒவ்வொரு சுதந்திரக் குடிமகனும் வன எல்லைக்குள் இருக்கும் தன் தோப்பில் விருப்பம்போல் பன்றி மேய்க்கலாம், பேனேஜும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. மன்னரின் காட்டு வழியே பன்றிகளைத் தடையில்லாமல் ஓட்டிச் செல்லலாம். போகிற வழியில் ஒரு ராத்திரி மன்னரின் காட்டில் பன்றிகள் தங்க நேர்ந்தால், அதைக் காரணம் காட்டி அவன் சொத்தில் எதையும் பறிக்கக் கூடாது.

அந்த ஒரு ராத்திரி விதியைக் கவனியுங்கள். இப்படி ஒன்றைச் சாசனத்தில் எழுதவேண்டி வந்தது என்றால், அதுவரை எத்தனை பேரின் மந்தையை இந்தச் சாக்கில் மடக்கியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். பன்றி மந்தை மேய்ப்பவன் சொல்கிற வேகத்தில் போகாது. கொட்டை கிடக்கிற இடத்தில் நின்றுவிடும். பொழுது சாய்ந்தால் அங்கேயே படுத்துவிடும். அதிகாரிக்கு அது வசதி. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாசனம் பேசுவது 'சுதந்திரக் குடிமகன்' பற்றி மட்டும். பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள், ஊர் ஜனத்தில் பெரும்பங்கு அவர்கள்தான். அவர்கள் பன்றிக்கு அவரவர் ஊர் வழக்கம்தான் சட்டம். பல ஊர்களில் ஒரு வயதுப் பன்றிக்கு ஒரு பென்னி, அரை வயதுக் குட்டிக்கு அரை பென்னி என்கிற மாதிரிக் கட்டணம். பன்றியை ஒளித்துவைத்துக் கணக்கில் காட்டாதவன் பிரபுவின் ஊர் நீதிமன்றத்தில் அபராதம் கட்டினான். மூக்கில் வளையம் போடாமல் விட்டவனும் கட்டினான். வளையம் எதற்கென்றால், பன்றி மண்ணைக் கிண்டாமல் இருக்கத்தான். மேலே கிடக்கும் கொட்டையைப் பொறுக்கித் தின்ன வளையம் தடையில்லை, மூக்கை மண்ணில் செருகி உழ முயன்றால் வலிக்கும். வளையமில்லாத பத்துப் பன்றி ஒரே இரவில் ஒரு புல்வெளியை ஏர் ஓட்டிய மாதிரி ஆக்கிவிடும்.

மன்னரின் காட்டில் வேலை நாள்களும் குறிக்கப்பட்டிருந்தன. அஜிஸ்டர்கள் என்ற அலுவலர்கள் செப்டம்பர் 29-ஆம் தேதி மிக்கேல் திருநாளுக்குப் பதினைந்து நாள் முன்னால் கூடி, யார் யார் எத்தனை பன்றி விடுவது என்று முடிவு செய்வார்கள். மார்ட்டின் திருநாளையொட்டி மறுபடி கூடிக் கட்டணத்தை வசூலிப்பார்கள். சாசனமே இந்தக் கூட்டங்களைச் சொல்கிறது. அஜிஸ்டர் என்ற அந்தப் பதவி இன்றும் இருக்கிறது, அதையும் பின்னால் சொல்கிறேன்.

காட்டுக்குள் போன பிறகு மேய்ப்பன் என்ன செய்தான்? இடைக்காலத்துப் படங்களில் நீண்ட கழியோடு அண்ணாந்து நின்று மரத்திலிருந்து கொட்டையைத் தட்டிவிடுகிறான், கீழே பன்றிகள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பதினான்காம் நூற்றாண்டின் லட்ரல் சால்டர் என்ற, பைபிள் சங்கீதங்களைப் படங்களோடு எழுதிய கையெழுத்துப் புத்தகத்தில் அப்படியொரு படம் உண்டு. ஆனால் வேலையின் நுணுக்கத்தை விவரமாக எழுதிவைத்தவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். தெற்குக் கரையோரத்து ஹாம்ப்ஷரில், நியூ ஃபாரஸ்ட் என்ற மன்னர் காட்டின் ஓரத்துப் போல்டர் என்ற ஊரில் குருவாக இருந்தவர். 1791-இல் வெளியான அவருடைய நூலில் இது வருகிறது.

மேய்ப்பன் முதலில் காட்டுக்குள் போய் ஒதுக்கமான இடமாகப் பார்ப்பான். பக்கத்தில் தண்ணீர் வேண்டும், ஓக்கோ பீச்சோ நிறையக் காய்த்திருக்க வேண்டும். நன்றாகக் கிளை விரித்த ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் அடியைச் சுற்றி வட்டமாகப் படல் கட்டுவான். மேலே கிளைகளையும் புல் கரணைகளையும் போட்டு ஒப்புக்கு ஒரு கூரை. உள்ளே வைக்கோலோ பெரணித் தழையோ பரப்பிவிடுவான். இவ்வளவும் தயார் செய்துவிட்டுத்தான் ஊர் ஊராகப் போய்ப் பன்றி சேர்ப்பான். தலைக்கு ஒரு ஷில்லிங் கூலி. இப்படி ஐந்நூறு, அறுநூறு பன்றிகள் சேர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத, பல வீட்டுப் பன்றிகள். அவற்றை மொத்தமாகக் காட்டுக்கு ஓட்டி வந்து, முன்பே பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்த கொட்டையை வயிறு முட்டப் போடுவான். அவை தின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கொம்பு ஊதுவான். பிறகு படலுக்குள் விட்டால், நடந்து வந்த களைப்பும் நிறைந்த வயிறுமாக அப்படியே தூங்கிவிடும்.

மறுநாள் காலை கொஞ்சம் சுற்றிப் பார்க்க விடுவான், தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுவான். சாயங்காலம் மறுபடி கொம்பு, மறுபடி பக்கத்து மரங்களின் அடியில் விருந்து. மூன்றாம் நாளும் அப்படி ஒரு வேளை. அதோடு பாடம் முடிந்தது. பிறகு படலைத் திறந்து விட்டுவிடுவான். பகலில் இரண்டு மூன்று மைல் தூரம் அலைந்தாலும் பொழுது சாய்ந்ததும் பன்றிகள் தாமாகவே படலுக்குத் திரும்பும். காற்றே இல்லாமல் கொட்டை சரியாக உதிராத நாள்களில் கொம்பு ஊதி ஒரு வேளை இலவசமாகப் போடுவான், பழக்கம் விட்டுப்போகக் கூடாதே. போன வருஷம் வந்துபோன பன்றிகள் மந்தையில் இருக்குமாம், புதிதாக வந்தவற்றுக்கு அவை வழிகாட்டுமாம். பருவம் முடிந்து வீடு திரும்பும்போது உடம்பு தேறியிருக்கும். அப்புறம் கொஞ்சம் உலர் தீனி போட்டால் அறுப்புக்குத் தயார்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது, பன்றியைப் பற்றி அந்த மேய்ப்பன் தெரிந்து வைத்திருந்த அளவு. வேலி போட்டு அறுநூறு பன்றியை நிறுத்த முடியாது. வயிறும் காதும் போதும் என்று அவன் புரிந்துகொண்டிருந்தான். கில்பின் கொஞ்சம் அலங்காரமாக எழுதுகிறவர், இயற்கைக் காட்சிகளின் ரசிகர்; பன்றிகளின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் கூலியும் படலும் கொம்பும் ஒருவர் உட்கார்ந்து கற்பனை செய்கிற விஷயங்கள் இல்லை.

ஏன் நின்றுபோனது என்ற கேள்விக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பதிமூன்றாம் நூற்றாண்டுக்குள் ஜனத்தொகை பெருகிக் காடுகள் வயல்களாகிவிட்டன. மிச்சக் காடு விறகுக்காகவும் கழிகளுக்காகவும் அடிவரை வெட்டி, கட்டையிலிருந்து துளிர்க்க விட்டு, மறுபடி வெட்டும் காடாக மாறியது. துளிரைக் கடிக்கும் கால்நடைகளுக்கு அங்கே இடமில்லை; வேலி போட்டார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் மரம் கொட்டையும் காய்க்காது. அதற்குள் பன்றியும் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. கொட்டிலில் அடைத்து, பீர் காய்ச்சிய சக்கை, பாலாடைக்கட்டி எடுத்த பின் மிஞ்சும் தண்ணீர், பட்டாணி, பிற்பாடு உருளைக்கிழங்கு என்று போட்டால் கொட்டை காய்க்கிறதா இல்லையா என்று மரத்தை அண்ணாந்து பார்க்கும் கவலை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த குட்டையான, சீக்கிரம் கொழுக்கும் பன்றிகளோடு கலந்ததும், நீண்ட கால் வைத்துக்கொண்டு காட்டுக்கு நடந்த பழைய பன்றிக்கு மதிப்புப் போய்விட்டது.

கடைசி அடி, பொது நிலங்களை வளைத்து வேலியடைத்த நாடாளுமன்றச் சட்டங்கள். 1604 முதல் 1914 வரை இப்படிப்பட்ட சட்டங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். நிலத்தில் பங்கு பிரிக்கும்போது, சொந்த வீடும் உரிமைப் பத்திரமும் வைத்திருந்தவனுக்கு ஏதோ ஒரு துண்டு கிடைத்தது. வழக்கத்தின் பேரில் பன்றியும் மாடும் விட்டுக்கொண்டிருந்த வாடகைக் குடிசைக்காரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னரின் காடுகளும் தப்பவில்லை. லண்டனுக்குக் கிழக்கே இருந்த ஹெய்னால்ட் காட்டை 1851-இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்களை வேரோடு பிடுங்கி விளைநிலமாக்கிவிட்டார்கள்.

நியூ ஃபாரஸ்டுக்கும் அதே கதிதான் வந்திருக்க வேண்டும். 1079-இல் வில்லியம் மன்னர் வேட்டைக்காக ஏற்படுத்திய காடு அது. 1698-இல் கடற்படைக் கப்பல்களுக்கு ஓக் வேண்டும் என்று அதில் ஆறாயிரம் ஏக்கர் வரை வேலியடைக்கச் சட்டம் வந்தது. கன்று வளர வேண்டிய கொட்டையைப் பன்றி தின்றால் கப்பலுக்கு மரம் ஏது என்பது அதிகாரிகளின் நியாயம். 1851-இல் இன்னொரு சட்டம்: மான்களை அப்புறப்படுத்துகிறோம், அதற்கு ஈடாக மேலும் பத்தாயிரம் ஏக்கரை அடைத்துக்கொள்கிறோம். மேய்ச்சல் உரிமை வைத்திருந்தவர்கள், அங்கே அவர்களைக் காமனர்கள் என்பார்கள், இதை எதிர்த்துப் போராடினார்கள். காட்டின் அழகைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்த லண்டன்காரர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். விளைவு 1877-ஆம் ஆண்டுச் சட்டம். புதிதாக வேலியடைப்பதை அது நிறுத்தியது. மன்னரின் மானைக் காக்க ஏற்பட்ட வெர்டரர்கள் என்ற வன அலுவலர்களின் பழைய நீதிமன்றத்தைத் தலைகீழாகத் திருப்பி, காமனர்களின் உரிமையைக் காக்கும் சபையாக மாற்றியது.

அங்கே இன்றும் பேனேஜ் நடக்கிறது. உரிமை மனிதருக்கு இல்லை, நிலத்துக்கு. இன்ன வீட்டுக்கு, இன்ன வயலுக்குப் பன்றி விடும் உரிமை உண்டு என்று 1850-களில் தயாரித்த பதிவேடு இன்றும் செல்லும். அந்த வீட்டை விற்றால் உரிமையும் வாங்கியவருக்குப் போகும். முன்பு செப்டம்பர் 25 முதல் நவம்பர் 22 வரை என்று பருவம் நிரந்தரமாகக் குறிக்கப்பட்டிருந்தது. இப்போது கொட்டை உதிரும் நேரத்தைப் பார்த்து வனத்துறை, வெர்டரர்களைக் கலந்து தேதி சொல்கிறது. குறைந்தது 60 நாள். பன்றிக்கு மூக்கு வளையமும் அடையாள வில்லையும் கட்டாயம், வெர்டரர்களுக்குக் கட்டணமும் உண்டு. கண்காணிப்பது அஜிஸ்டர்கள், குதிரை மீதும் ஜீப்பிலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயாயிரம் ஆறாயிரம் பன்றி வரை இறங்கியிருக்கின்றன. இப்போது சில நூறு.

அந்தச் சில நூறையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் கறி வியாபாரம் மட்டுமில்லை. கொட்டை தின்ற பன்றியின் கறிக்கு உள்ளூர்க் கசாப்புக் கடைகளில் நல்ல பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் காடு முழுக்க காமனர்களின் மட்டக்குதிரைகளும் மாடுகளும் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. நல்ல காய்ப்பு ஆண்டில் பச்சைக் கொட்டையைத் தின்று அவை சாவது இன்றும் நடக்கிறது. முதலில் சொன்னேனே, டானின். பன்றிகள் முந்திக்கொண்டு கொட்டையைக் காலி செய்தால் குதிரைக்கு ஆபத்து குறைகிறது. கொட்டை அளவுக்கு மீறிக் கொட்டிய ஆண்டுகளில் பருவத்தை நீட்டிப்பதும் உண்டு. ஒரு காலத்தில் பன்றி கொழுப்பதற்காகக் காட்டைக் கேட்டார்கள். இப்போது காட்டைச் சுத்தம் செய்யப் பன்றியைக் கேட்கிறார்கள்.

கடைசியாக, யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா என்ற கேள்வி. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. உரிமையுள்ள நிலத்தில் குடியிருந்து, வளையம் போட்டு, கட்டணம் கட்டினால் விடலாம். பருவம் முடிந்த பிறகும் காட்டில் ஒரு பன்றியைப் பார்த்தால் அது பெரும்பாலும் சினைப்பன்றியாக இருக்கும். ராத்திரி ஒழுங்காக உடையவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற, யாருக்கும் தொல்லை தராத சினைப்பன்றிகளைப் பருவம் கடந்தும் வெளியே விட அங்கே அனுமதிக்கிறார்கள். அது உரிமைக் கணக்கில் வராது, பழக்கத்தால் வந்த சலுகை. பன்றி யார் தோட்டத்திலாவது புகுந்துவிட்டது என்று புகார் வந்தால், உடையவர் வந்து அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.